பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள் எழுதியிருக்கும் வரலாறு

கல்லில் வெட்டிய எழுத்தைப் படித்து, அரசன் இன்னான், ஆண்டு இன்னது என்று உரைக்கும் அறிஞரை நாம் போற்றுகிறோம். ஏட்டுச் சுவடியைப் புரட்டி, மூலம் இது, இடைச்செருகல் இது என்று பிரித்துக் காட்டும் புலவரையும் போற்றுகிறோம். நம் வீட்டுப் பரணிலே தூசி படிந்து கிடக்கும் பழைய தொலைக்காட்சிப் பெட்டிக்குள்ளும் அவ்வாறு படிக்கத்தக்க எழுத்துகள் உள என்பதை எண்ணிப் பார்த்தவர் சிலரே. ஆண்டுதோறும் நம் குடியிருப்பிலே மாற்றலாகியும் ஓய்வு பெற்றும் வீடு காலி செய்யும் குடும்பங்கள் பல. அவ்வேளையில் முதலில் கபாடிக்காரரின் தராசில் ஏறுவது இப்பெட்டிதான். மரத்துக்கு ஒரு விலை, செம்புக் கம்பிக்கு ஒரு விலை, மற்றவை குப்பை. அந்தக் குப்பைக்குள் நம் நாட்டுத் தொழில் வரலாற்றின் ஒரு பகுதி போய்விடுகிறது. அதனைப் படிக்கும் வகையைச் சங்க அன்பர்களுக்கு எடுத்துரைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தொலைக்காட்சி நம் நாட்டில் முதன்முதல் கால் வைத்தது நாம் வாழும் இந்தத் தில்லி மாநகரிலேதான். 1959-ஆம் ஆண்டு செப்டம்பர் 15-ஆம் நாள் குடியரசுத் தலைவர் இராஜேந்திர பிரசாத் அவர்கள் அதனைத் தொடங்கி வைத்தார்கள். தொடக்கத்தில் அது ஒரு சோதனை முயற்சியே. வாரத்தில் இரு நாள்களே ஒளிபரப்பு. யுனெஸ்கோவின் துணையோடு நகரின் பல பகுதிகளிலே 'டெலி கிளப்' என்னும் மன்றங்கள் அமைக்கப்பட்டன. மக்கள் ஒன்றுகூடிப் பார்த்தனர். 1965-இல் நாள்தோறும் ஒளிபரப்பு வந்தது. 1967 சனவரி 26-இல் தில்லியைச் சுற்றியிருந்த 80 சிற்றூர்களுக்கென உழவர் நிகழ்ச்சி தொடங்கியது. பம்பாய்க்கு 1972-இலும், நம் சென்னைக்கு 1975 ஆகஸ்டு 15-இலும் தொலைக்காட்சி வந்து சேர்ந்தது. வண்ண ஒளிபரப்பு வந்தது 1982-இல். இந்த ஆண்டுகளை வாசகர் மனத்தில் இருத்திக்கொள்ள வேண்டும். பெட்டிக்குள் காணும் ஒவ்வொரு பொருளும் இவற்றுள் ஏதேனும் ஒரு காலத்தையே சுட்டி நிற்கும்.

உள்ளே கை வைப்பதற்கு முன் ஓர் எச்சரிக்கை. இதனைச் சடங்குக்காகக் கூறவில்லை. வால்வு வைத்த பழைய பெட்டிகளுள் மிகப் பல, வீட்டு மின்சாரத்தின் ஒரு முனையை நேரே இரும்புச் சட்டத்தோடு இணைத்துச் செய்யப்பட்டவை. பிளக்கைத் திருப்பிச் செருகினால் சட்டம் முழுவதும் 230 வோல்ட் ஏறிவிடும். படக்குழாயின் பக்கவாட்டில் ரப்பர் தொப்பி போட்ட கம்பி ஒன்று சேரும் இடத்தில் பதினாறாயிரம் வோல்ட் அளவுக்கு மின்னழுத்தம் இருக்கும். பெட்டியை அணைத்துப் பிளக்கைப் பிடுங்கிய பின்னரும் அக்குழாய் மின்னூட்டத்தைத் தன்னுள்ளே தேக்கி வைத்திருக்கும். குழாயோ காற்று நீக்கப்பட்ட கண்ணாடி. அதன் மெல்லிய கழுத்து தட்டுண்டால் உள்நோக்கி வெடித்துச் சில்லுகள் சிதறும். ஆகவே நாம் இங்குக் கூறுவது கண்ணால் பார்த்து அறியும் வகையே. மின்சாரம் கொடுத்துப் பார்ப்பதும், உறுப்புகளைக் கழற்றுவதும் தொழில் தெரிந்தவர் வேலை. விடுமுறைக்கு வந்த பிள்ளைகளின் கையில் திருப்புளியைக் கொடுத்து 'பார்த்துவிட்டுச் சொல்' என்று விடுவது தகாது.

பின்மூடியைக் கழற்றியதும் கண்ணில் படுவன வால்வுகள். அவற்றின் மீது எழுதியிருக்கும் பெயரே ஒரு சிறு இலக்கணம் எனலாம். ஐரோப்பிய வால்வுப் பெயரில் முதலெழுத்து, உள்ளே சூடேறும் இழைக்கு வேண்டிய மின்சாரத்தைச் சொல்லும். 'இ' என்றால் 6.3 வோல்ட். 'பி' என்றால் 300 மில்லி ஆம்பியர். 'யு' என்றால் 100 மில்லி ஆம்பியர். அடுத்து வரும் எழுத்துகள் வால்வின் தொழிலைச் சொல்லும்: 'சி' டிரையோடு, 'எஃப்' சைகையைப் பெருக்கும் பென்டோடு, 'எல்' வெளியீட்டுப் பென்டோடு, 'ஒய்' ஒருவழிச் சீராக்கி. எண்ணின் முதல் இலக்கம் அடிப்பாகத்தின் அமைப்பு: 3 என்றால் பழைய எட்டுக்கால் அடி, 8 என்றால் சிறிய ஒன்பதுகால் அடி. இப்போது 'பி.சி.எஃப். 80' என்று எழுதியிருக்கக் கண்டால், 300 மில்லி ஆம்பியர் இழையும், ஒரு டிரையோடும் ஒரு பென்டோடும் ஒரே கண்ணாடிக்குள்ளும், ஒன்பது கால்களும் உடையது என்று பதம் பிரித்துவிடலாம். அமெரிக்க முறையில் முதலில் வரும் எண்ணே இழையின் வோல்ட். நடுவிலுள்ள எழுத்துகள் பெரும்பாலும் பதிவு வரிசையே அன்றிப் பொருள் தருவன அல்ல. இலக்கண நயம் ஐரோப்பியப் பெயரில்தான் இருக்கிறது.

இங்கு ஒரு சிறு விளக்கம். தமிழெழுத்தில் எழுதும்போது ஆங்கில அகரவரிசையின் இரண்டாம் எழுத்தும் பதினாறாம் எழுத்தும் 'பி' என்றே அமைந்துவிடுகின்றன. இக்கட்டுரையில் வால்வின் முதலெழுத்தாக வரும் 'பி' பதினாறாம் எழுத்து. டையோடு, டிரான்சிஸ்டர் ஆகியவற்றின் முதலெழுத்தாக வரும் 'பி' இரண்டாம் எழுத்து. கடையிலே கேட்கும்போது இதனை மறந்தால் வேறு பொருள் வந்து சேரும்.

தொலைக்காட்சிப் பெட்டிகளில் 'பி' வரிசை வால்வுகள் மிகுந்திருப்பதற்கு ஒரு காரணம் உண்டு. எல்லா இழைகளையும் தீபாவளிச் சீரியல் விளக்குப் போல ஒன்றன்பின் ஒன்றாகக் கோத்து, நேரே வீட்டு மின்சாரத்தில் இணைத்துவிடுவர். எல்லாவற்றிலும் ஓடுவது ஒரே 300 மில்லி ஆம்பியர். பி.சி.எஃப். 80-க்கு 9 வோல்ட், பி.ஒய். 81-க்கு 17 வோல்ட், பி.எல். 36-க்கு 25 வோல்ட் என்று ஒவ்வொன்றும் தன் பங்கை எடுத்துக்கொள்ளும். மிச்சத்தைக் கம்பி சுற்றிய பெரிய மின்தடை ஒன்று ஏற்றுக்கொள்ளும். கனமான டிரான்ஸ்பார்மர் தேவையில்லை, விலையும் குறைவு. ஆனால் ஓர் இழை அறுந்தால் பெட்டி முழுவதும் இருண்டுவிடும். சட்டத்தில் மின்சாரம் ஏறும் அபாயமும் இந்தச் சிக்கனத்தின் பயனே.

வால்வின் மேலுள்ள அச்செழுத்து கை பட்டாலே அழியும் தன்மையது. தூசி துடைக்கிறோம் என்று ஈரத்துணியால் தேய்த்துவிட்டால் பெயரும் போய்விடும். மங்கிப்போன எழுத்தைக் காண, கண்ணாடியின் மீது வாயால் மெல்ல ஆவி ஊதிப் பார்க்க வேண்டும்; அந்த ஆவியிலே எழுத்து சற்று நேரம் தெரிந்து மறையும். உச்சியில் உட்புறம் வெள்ளிப்பூச்சுப் போன்ற ஒரு பளபளப்பு இருக்கும். அது பால்போல் வெளுத்திருந்தால் உள்ளே காற்றுப் புகுந்துவிட்டது. அந்த வால்வுக்கு இனி உயிரில்லை. இதனை அறிய எந்தக் கருவியும் வேண்டா.

பிலிப்ஸ் குழுமத்தின் வால்வுகளில், பெயரைத் தவிர, கண்ணாடியின் அடிப்பக்கத்திலே மிகச் சிறிய எழுத்தில் இன்னொரு குறிப்பும் இருக்கும். நம்மைப் பெரிதும் கவர்ந்தது அதுவே. தொழிற்சாலைக்கு ஓர் அடையாளம், ஆண்டின் கடைசி இலக்கம், மாதத்துக்கு ஓர் எழுத்து, வாரத்துக்கு ஓர் எண் என்பது வரிசை. ஒரு முக்கோணமும், 4, எஃப், 2 என்பனவும் இருந்தால், நெதர்லாந்து நாட்டு ஹீர்லன் தொழிற்சாலையில், நான்கில் முடியும் ஓர் ஆண்டில், சூன் மாதத்து இரண்டாம் வாரத்தில் செய்தது என்று பொருள். அந்த 'நான்கில் முடியும் ஆண்டு' 1964-ஆ, 1974-ஆ என்பதை எழுத்து சொல்லாது. வால்வின் வகையையும் அயலில் உள்ள உறுப்புகளையும் கொண்டே துணிய வேண்டும். கல்வெட்டில் அரசனின் ஆட்சியாண்டு மட்டும் இருந்து பெயர் சிதைந்துபோனால் அறிஞர் என்ன செய்வரோ, அதுவே இங்கும்.

இக்கலை வீண் பொழுதுபோக்கு அன்று என்பதற்கு நாம் கண்ட ஒன்றைக் கூறலாம். நம்மவர் குடும்பம் ஒன்றில் ஒரு பழைய பெட்டி. நாள்தோறும் ஒளிபரப்புத் தொடங்கிய காலத்தில், வெளிநாட்டிலிருந்து திரும்பிய உறவினர் வழியாகத் தாத்தா வாங்கியது என்பது பாட்டியாரின் கூற்று. அண்டை அயலார் பதினைந்து பேர் தரையில் அமர்ந்து பார்த்ததை அவர் இன்றும் சொல்வார். பேரனோ பொறியியல் படித்தவர். உள்ளே 'பி.ஒய். 127' என்னும் சிலிக்கன் டையோடும், பெங்களூர் 'பெல்' நிறுவனத்து வால்வு ஒன்றும் இருப்பதைக் கண்டு, 'இது எழுபதுகளில் வந்தது. பாட்டிக்கு நினைவு தடுமாறுகிறது' என்றார். பாட்டியார் அதற்குப் பின் அந்தப் பெட்டியைப் பற்றிப் பேசுவதையே விட்டுவிட்டார்.

நாம் பார்த்தபோது, அந்த டையோடு இருந்த இடத்துக்கு அருகே ஒன்பதுகால் அடித்தளம் ஒன்று வெறுமையாய் இருந்தது. அதன் மீது 'பி.ஒய். 82' என்று அச்சிட்ட தாள் இன்னும் ஒட்டியிருந்தது. அது வீட்டு மின்சாரத்தைச் சீராக்கும் வால்வு. இழைக்கு 19 வோல்ட். அந்த வால்வை எடுத்துவிட்டால் சீரியல் கோவை அறுந்துபோகும் அல்லவா? ஆகவே அவ்விடத்தில் 68 ஓம் அளவுள்ள கம்பிச்சுற்று மின்தடை ஒன்றை யாரோ இணைத்திருந்தார். 300 மில்லி ஆம்பியர் அதன் வழியே ஓடும்போது ஏறக்குறைய 20 வோல்ட் விழும். வால்வு எடுத்துக்கொண்ட பங்குக்கு ஈடாகிவிட்டது. அதன் ஈயப்பற்று உருண்டையாகவும் பளபளப்பாகவும் இருந்தது. அயலில் இருந்த மூலப் பற்றுகளோ மங்கிச் சாம்பல் பூத்திருந்தன. மற்ற வால்வுகள் ஆறின் அடியிலும் முக்கோண அடையாளமும் 4 என்னும் இலக்கமும் இருந்தன. எழுபதுகளின் வகை எதுவும் அவற்றுள் இல்லை. ஆக, பெட்டி 1964-ஆம் ஆண்டின் வால்வுகளோடு வந்தது; எழுபதுகளில் பழுது பார்க்கப்பட்டது. மூலம் ஒரு காலம், இடைச்செருகல் வேறொரு காலம். பாட்டியார் சொன்னது சரியே. பேரன் அன்று மாலையே அவரிடம் சென்று சொன்னார். 'வோல்ட் கணக்கெல்லாம் எனக்கு வேண்டாம். பதினைந்து பேர் உட்கார்ந்தார்கள் என்று மட்டும் எழுதிக்கொள்' என்று அம்மையார் கூறினாராம்.

பெயர் தெரியாத அந்தப் பழுது பார்த்தவரையும் நாம் எண்ணிப் பார்க்க வேண்டும். வெளிநாட்டு வால்வு கிடைக்காத காலத்தில், உள்நாட்டில் கிடைத்த டையோடை வைத்துக் கணக்குப் போட்டு ஒரு பெட்டியைப் பல்லாண்டு ஓடவைத்திருக்கிறார்.

இனி மின்தடைகள். உருளை வடிவாய், நிற வளையங்களோடு இருப்பவை. கறுப்பு 0, பழுப்பு 1, சிவப்பு 2, ஆரஞ்சு 3, மஞ்சள் 4, பச்சை 5, நீலம் 6, ஊதா 7, சாம்பல் 8, வெள்ளை 9. பழுப்பு என்பதைக் காப்பிப்பொடி நிறம் என்று கொண்டால் நம்மவர்க்கு மறவாது. முதல் இரு வளையம் இலக்கங்கள்; மூன்றாவது, பின்னால் சேர்க்க வேண்டிய சுழிகளின் எண்ணிக்கை. மஞ்சள், ஊதா, ஆரஞ்சு என்றால் 47,000 ஓம். நான்காவது வளையம் தங்க நிறமாயின் நூற்றுக்கு ஐந்தும், வெள்ளியாயின் பத்தும், வளையமே இல்லையாயின் இருபதும் கூடக் குறைய இருக்கலாம். மிகப் பழைய மின்தடைகளில் வளையமே இராது. உடல் முழுவதும் ஒரு நிறம், ஒரு முனையில் ஒரு நிறம், நடுவில் ஒரு புள்ளி. உடல், முனை, புள்ளி என்ற வரிசையில் படிக்க வேண்டும். இதனை அறியாதவர் புள்ளியை அழுக்கு என்று சுரண்டியதும் உண்டு.

எம்முனையிலிருந்து படிப்பது என்ற ஐயம் எழுவது இயல்பு. அதற்கு ஓர் உபாயம் உண்டு. அக்காலத்து மின்தடைகள் பெரும்பாலும் 10, 12, 15, 18, 22, 27, 33, 39, 47, 56, 68, 82 என்னும் இலக்கங்களிலேயே செய்யப்பட்டன. மேற்சொன்னதைத் தலைகீழாகப் படித்தால் 37 வரும். பட்டியலில் 37 இல்லை. ஆகவே படித்த திசை தவறு என்று உடனே தெரிந்துவிடும். சூட்டினால் நிறம் திரிவதுதான் பெருந்தொல்லை. ஆரஞ்சு கருகிச் சிவப்பாகும். சிவப்பு கருகிப் பழுப்பாகும். மூன்றாம் வளையத்தில் இது நேர்ந்தால் 47,000 என்பது 4,700 ஆகிவிடும். அளவுமானியை வைத்துத் தீர்த்துக்கொள்ளலாமே என்பீர்கள். கரிக்கலவையால் ஆன பழைய மின்தடை ஆண்டுகள் செல்லச் செல்லத் தன் அளவில் ஏறிக்கொண்டே போகும். அளவுமானி எண்பதாயிரம் காட்டினாலும் பிறப்பில் அது நாற்பத்தேழாயிரமே. நிறத்தின் சாட்சியும் மானியின் சாட்சியும் முரண்பட்டால், நிறம் தெளிவாக உள்ளவரை நாம் நிறத்தின் பக்கமே நிற்போம்.

கண்டென்சர் என்னும் மின்தேக்கிகளின் செய்தி சற்றுக் குழப்பமானது. அமெரிக்கப் பொருள்களில் 'எம்.எஃப்.டி.' என்று எழுதியிருந்தால் மைக்ரோ ஃபாரடு, 'எம்.எம்.எஃப்.' என்றால் அதில் பத்து இலட்சத்தில் ஒரு பங்கு, அதாவது இன்று பிக்கோ ஃபாரடு என்கிறோமே, அது. ஓர் எழுத்தை விட்டுப் படித்தால் பத்து இலட்சம் மடங்கு பிழை. மெழுகு தோய்த்த காகிதக் கண்டென்சரின் ஒரு முனையில் கறுப்புக் கோடு ஒன்று இருக்கும். இது எதிர்முனை என்று பலர் எண்ணுவர்; உண்மையில் அது வெளிச்சுற்றுத் தகடு எந்த முனையில் சேர்ந்திருக்கிறது என்பதற்கான குறியே. இவ்வகைக் கண்டென்சர்களின் மெழுகு உருகி ஒழுகியிருக்கும். ஈரம் புகுந்து மின்சாரம் கசியும். பார்வைக்கு நன்றாயிருப்பதும் நம்பத்தக்கதன்று. பிற்காலத்துப் பிலிப்ஸ் கண்டென்சர்கள் தட்டையாய், உடலில் பல நிறப் பட்டைகளோடு அழகாயிருக்கும். சேகரிப்போர் அவற்றை 'வெப்பக்கடல் மீன்' என்றே அழைக்கின்றனர். மின்தடை நிறங்களே இங்கும். மேலிருந்து கீழாகப் படித்தால் பிக்கோ ஃபாரடில் அளவு வரும். அவை தென்பட்டால் அந்தப் பகுதி அறுபதுகளுக்கு முற்பட்டதன்று எனலாம். அலுமினியக் குவளை போன்ற பெரிய கண்டென்சர்களுள் இரண்டு மூன்று கண்டென்சர்கள் ஒரே உறைக்குள் இருக்கும். முக்கோணம், சதுரம், அரைவட்டம் என்று கால்களின் அருகே வெட்டியிருப்பது எந்தக் காலுக்கு எந்த அளவு என்பதைக் காட்டும்.

டிரான்சிஸ்டர், டையோடு ஆகியவற்றின் பெயரிலே ஒரு சுவையான தொடர்ச்சி உண்டு. தொடக்க காலத்தில் 'ஓ.ஏ. 79', 'ஓ.சி. 71' என்று பெயரிட்டனர். அந்த 'ஓ' வால்வு இலக்கணத்தின் சுழியே: இழையே இல்லை, ஆகவே சுழி வோல்ட். 'ஏ' டையோடு, 'சி' டிரையோடு என்பனவும் வால்வுப் பெயரிலிருந்து வந்தவையே. புதிய பொருள் பழைய இலக்கணத்தில் சிறிது காலம் குடியிருந்தது. பின்னர் முதலெழுத்து 'ஏ' என்றால் ஜெர்மானியம், 'பி' என்றால் சிலிக்கன் என்று புது விதி வந்தது. சப்பானியப் பொருள்களில் '2 எஸ்' என்னும் முன்னொட்டைப் பெரும்பாலும் அச்சிடாமல் விட்டுவிடுவர். 'சி 945' என்று மட்டும் இருந்தால் அது '2 எஸ்.சி. 945' என்று அறிய வேண்டும்.

இப்பெயர்களோடு நம் நாட்டுத் தொழிலையும் ஒப்பிட்டுப் பார்க்கலாம். 1954-இல் பெங்களூரில் நிறுவப்பட்ட பெல் நிறுவனம் 1961-இல் வால்வுகளையும், 1962-இல் ஜெர்மானியப் பொருள்களையும், 1970-இல் கறுப்பு வெள்ளைப் படக்குழாய்களையும் செய்யத் தொடங்கியது. பிலானியிலுள்ள மத்திய மின்னணுப் பொறியியல் ஆராய்ச்சிக் கழகம் உள்நாட்டிலேயே தொலைக்காட்சிப் பெட்டி செய்யும் முறையை வகுத்தளித்தது. ஆகவே முழுதும் அயல்நாட்டு வால்வாயின் முதற்காலம். வால்வும் டிரான்சிஸ்டரும் கலந்து, பெல் முத்திரையும் அயல்முத்திரையும் அருகருகே இருந்தால் இடைக்காலம். வால்வே இன்றி, கிடைமட்ட வெளியீட்டில் 'பி.யு. 205' போன்ற டிரான்சிஸ்டர் இருந்தால் அதற்கும் பிற்காலம். சென்னையிலிருந்து வந்த டயனோரா, சாலிடேர் பெட்டிகளை நம்மவர் பலர் தனி உரிமையோடு வாங்கிய காலமும் அதுவே. 1975 ஆகஸ்டு முதல் ஓராண்டு, செயற்கைக்கோள் வழியாக ஆறு மாநிலங்களின் சிற்றூர்களுக்கு ஒளிபரப்பு நடந்தபோது, அதற்கான பெட்டிகளை ஐதராபாத்து மின்னணுக் கழகம் செய்தளித்தது. அவ்வூர்ப் பெட்டி ஒன்று முழுதாய்க் கிடைத்தால், கோழிவலைக் கம்பியில் செய்த அதன் வானலை வாங்கியோடு சேர்த்து, கண்காட்சியில் வைக்கத்தக்கது.

உதிரி உறுப்புகளைப் பார்த்துப் பழக விரும்புவோர் செங்கோட்டைக்கு எதிரிலுள்ள லஜபத்ராய் மார்க்கெட்டுக்கோ, ஊருக்குப் போகும்போது சென்னை ரிச்சி தெருவுக்கோ செல்லலாம். மூத்த கடைக்காரர் ஒருவர் அரைமணி நேரத்தில் சொல்லித் தருவது ஒரு புத்தகத்துக்கு ஈடாகும். விலை சொல்லுமுன் பெயரை நன்றாகப் படித்துக்கொள்ளுங்கள்; அழிந்த பெயருக்கு மேல் புதுப்பெயர் அச்சடித்த வால்வுகளும் சந்தையில் உலவுகின்றன. மேலே பெரிதாயிருக்கும் பெயரும், அடியிலுள்ள சிறு எழுத்தும் ஒத்துவருகின்றனவா என்று பார்த்தாலே போதும்.

பெட்டியை வைத்துக்கொள்ள வீட்டில் இடமில்லை என்போர், தராசில் ஏற்றுமுன் வால்வுப் பெயர்களையும் அவற்றின் அடிக்குறிப்பையும், படக்குழாயின் மேலுள்ள எண்ணையும், சட்டத்தில் பொறித்த தொடரெண்ணையும் ஒரு தாளில் எழுதி, உட்புறத்தை நான்கு பக்கமும் படமெடுத்துச் சங்க நூலகத்தில் கொடுத்தால் அங்கே கோப்பில் வைக்கப்படும். பின்மூடியின் உட்புறத்தையும் பார்க்க மறக்க வேண்டா. பழுது பார்த்தவர்கள் தேதியையும் மாற்றிய உறுப்பின் பெயரையும் பென்சிலால் அங்கேதான் எழுதி வைப்பார்கள்.